பதினேழு சதவீதம்

மூன்றாம் நாளும் மெஷின் பத்தொன்பது காட்டியது.
பதினேழுக்கு மேலே எடுக்க முடியாதும்மா,
என்றார் பட்டியல் எழுத்தர் குணாளன்.
அள்ளிய நெல்லைக் குவியலிலேயே போட்டுவிட்டு
உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

முள்ளியாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
தார்ச்சாலையில் கிடந்தது
பதினோரு வீட்டுக் குறுவை.
பஸ் வரும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நெல்லில் ஏறும்.
மறுபக்கத்தைச் சேற்றில் விட்டு ஓட்டுவார் டிரைவர், நல்ல மனுஷன்.

அங்கே நின்றபோதுதான் நாத்தனார் மகன் போனை நீட்டினான்.
"மாமா இருக்குற எடமா அத்தை இது?"

இருபத்தாறு நொடி.
ஓடுபாதை. சாய்வாக ஒரு கோடு இறங்கியது.
வெளிச்சம்.
படம் எடுத்தவன் கை ஆடியது.
அதற்கும் பிறகுதான் சத்தம்.
கீழே ஓடிய எழுத்து எனக்குத் தெரியாத மொழி.
அந்த நீலத் தார்ப்பாய் தெரியும்.
கொட்டகை ஒழுகுகிறதென்று அவர் கட்டியது,
இங்கிருந்து கொண்டுபோன நைலான் கயிற்றில்,
வைக்கோல் போருக்குப் போடும் முடிச்சில்.
முடிச்சு படத்தில் விழவில்லை.
எனக்குத் தெரிந்தது.

இளஞ்சேரனுக்கு அங்கே ஏசி வேலை.
அதிகாரிகள் தூங்கும் அறைக்கு என்றுதான்
மன்னார்குடி ஏஜென்ட் சொன்னான்.
போய்ப் பார்த்தால்
மனிதர்களுக்கு இரண்டு மெஷின்,
மண்ணுக்கடியில் குண்டு அடுக்கிய அறைகளுக்குப் பதினாறு.
"குண்டுக்கு வேர்க்கக் கூடாதாம்டி" என்று சிரித்தார்.
"ஈரம் ஏறுனா கெட்டுரும். நம்ம நெல்லு மாதிரிதான்."
நானும் சிரித்தேன்.
அந்த மாதம் கூடத்துக்கு டைல்ஸ் போட்டோம்.

அங்கே யாருக்கும் யாருக்கும் சண்டை என்று
இன்றுவரை எனக்குச் சரியாக விளங்கவில்லை.
ஒரே நாடு, ஒரே பேச்சாம்.
வரப்புத் தகராறாய்த் தொடங்கியிருக்கும்
என்று நானாக நினைத்துக்கொண்டேன்.
காலையில் விமானம் நிரம்பிப் போகும்,
மத்தியானம் காலியாக வரும் என்பார்.
எங்கே காலியானது என்று நான் கேட்டதில்லை.
யூரியா விலை கேட்பார். சொல்வேன்.

மேற்கே கறுத்தது.
பலகையை எடுத்துக்கொண்டு பதினோரு வீடும் ஓடியது.
நானும் நெல்லைத் தள்ளினேன், இடுப்பில் போன்.
ஒற்றை டிக்.
தார்ப்பாயின் நாலாவது மூலைக்கு ஆளில்லை.
குணாளனே இறங்கி வந்து மிதித்துக்கொண்டு நின்றார்,
செருப்பில்லாமல், பேசாமல்.
அவருக்கும் யாரோ காட்டியிருக்கிறார்கள்.

மின்னியதும் நிறைமதி எண்ணத் தொடங்கினாள்.
பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது.
இடி விழுந்தது.
"ஆறு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிம்மா."
தார்ப்பாய்க்குள் தலையை விட்டு
அந்த வீடியோவை மறுபடி ஓடவிட்டேன்.
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே நாலு.
படம் எடுத்தவன் தள்ளித்தான் நின்றிருக்கிறான்.
அவன் பிழைத்திருப்பான்.
அவர் நல்லா படம் எடுக்க மாட்டார், கை ஆடும்
என்பதைப் பிடித்துக்கொண்டே
இருட்டும்வரை இருந்தேன்.

ராத்திரி இரண்டே முக்காலுக்கு இரண்டாவது டிக்.
பிறகு குரல்.
"டீசல் வாங்க வெளிய போயிருந்தேன். ஒண்ணும் ஆகல.
பதினாறு மெஷினும் போச்சு.
என்கூட வேலை பார்த்த பையன்..."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை. போனை அணைக்கவும் இல்லை.
பின்னால் ஒரு பெண், அந்த ஊர்ப் பேச்சில்,
ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.
பேராகத்தான் இருக்கும்.
நான்கு முறை கேட்டேன்.
எனக்கு அது இப்போது சொல்ல வரும்.

காலையில் மெஷின் இருபத்தொன்று காட்டியது.
குணாளன் பதினேழு என்று எழுதினார்.
மூட்டைக்கு வாங்கும் நாற்பதையும் அன்று கேட்கவில்லை.
நான் குனிந்து
கையெழுத்துப் போட்டேன்.